சுவரை உதைக்கும் ஊரிலிருந்து

நான் படிக்கிற ஊரில் கடற்கரைச் சாலை ஒரு சுவரில் முட்டி முடிகிறது. அயர்லாந்தின் மேற்குக் கரை. காலையில் நடக்க வருகிறவர்கள் அந்தச் சுவர் வரைக்கும் வந்து, அதைக் காலால் ஒரு உதை உதைத்துவிட்டுத்தான் திரும்புகிறார்கள். கிழவர், கிழவி, பிள்ளைத்தாய்ச்சி, நாயைப் பிடித்துக்கொண்டு வருகிறவர், ஒருத்தரும் பாக்கியில்லை. ஏன் என்று கேட்டேன். "இங்கே வந்தால் உதைப்போம்" என்றார்கள், அவ்வளவுதான். எங்கள் பக்கம் தெரியாமல் ஒரு புத்தகத்தில் கால் பட்டால்கூடத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். இவர்கள் வேண்டுமென்றே உதைக்கிறார்கள், அதுவும் சிரித்துக்கொண்டே. வெளியூரிலிருந்து சுற்றிப்பார்க்க வருகிறவர்கள் இன்னும் மோசம். போனை ஒருத்தர் கையில் கொடுத்துவிட்டு உதைப்பார்கள், எடுத்ததைப் பார்ப்பார்கள், சரியாக விழவில்லையென்று திரும்பவும் உதைப்பார்கள். பின்னால் கடல் பாட்டுக்கு இரைந்துகொண்டு கிடக்கும். அதை ஏறிட்டுப் பார்க்கிறவர்கள் குறைவு.

இதைப் பார்ப்பதுதான் என் படிப்பு. சுற்றுலாவியலில் முதுகலை. பயணிகள் சமூக ஊடகத்தில் என்ன போடுகிறார்கள், எதை விடுகிறார்கள் என்று ஆராய்வது. நூலகத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பதிவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, இது இயற்கைக் காட்சி, இது சாப்பாடு, இது உள்ளூர் மனிதர் என்று பிரித்துப் போட வேண்டும். அம்மாவுக்கு இதைப் புரியவைக்க நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. "போனு பாக்குறதுக்கா தாயி அம்புட்டுத் தூரம் போன? அத இங்கனயே குந்திப் பாக்கலாமுல்ல" என்றாள்.

அம்மா பாம்பன் பக்கம் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கிறவள். ஊரில் எங்கள் தெருப் பெண்கள் முக்கால்வாசிப் பேருக்கு அதுதான் தொழில். சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை, விரல்களில் துணிச் சுற்று, கண்ணுக்குக் கண்ணாடி, பாறை கிழிக்காமலிருக்கப் பாதத்தில் தகடு. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில்தான் போவார்கள். நடுவில் போகக் கூடாது, பாசி வளரட்டும் என்பது பெண்களே கூடி வைத்துக்கொண்ட கட்டு. நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது விடுமுறையில் வத்தை என்கிற சின்னப் படகில் என்னையும் ஏற்றிக்கொள்வாள். இறங்குமுன் ஒரு கை தண்ணீர் அள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். கால் வைக்கப் போகிறோமே, அதற்காக. பிறகு மூழ்குவாள். நானும் மேலே உட்கார்ந்து மூச்சைப் பிடித்துக்கொள்வேன். எனக்கு எப்போதும் முந்தி மூச்சு முட்டிவிடும். அவள் வரமாட்டாள். அழ ஆரம்பிக்கிற நேரத்தில் வத்தைக்கு அந்தப் பக்கம் புஸ்ஸென்று தலையைத் தூக்கி, "ஏத்தா, என்ன மூஞ்சி இப்பிடிக் கெடக்கு?" என்று சிரிப்பாள்.

இங்கேயும் பாசி உண்டு. சொன்னால் சிரிப்பீர்கள், வெந்நீர்த் தொட்டியில் பாசியைப் போட்டு அதற்குள் படுத்துக்கொள்கிறார்கள். அப்படிப் படுத்துக்கொண்டு கால்விரல் மட்டும் வெளியே தெரியப் படம் போடுகிறார்கள். அந்த மாதிரிப் பதிவுகளைத்தான் அன்றைக்குப் பிரித்துக்கொண்டிருந்தேன். பாசி, பாசி என்று தேடியதில் போனுக்கு என்ன தோன்றியதோ, அடுத்ததாக அம்மாவைக் கொண்டுவந்து காட்டியது.

முதலில் எனக்கு வந்தது சந்தோஷம்தான். நூலகம் என்பதை மறந்து "ஐயோ, எங்கம்மா!" என்று கத்திவிட்டேன். எதிரே இருந்த பையன் காதிலிருந்து கருவியைக் கழற்றிவிட்டுப் பார்த்தான். அம்மா தண்ணீரை அள்ளிக் கண்ணில் ஒற்றுகிறாள். காமிராவைப் பார்த்து ஏதோ சொல்கிறாள். சொன்னது கேட்காதபடி மேலே ஒரு பாட்டைப் போட்டிருந்தார்கள். பிறகு மூழ்குகிறாள். அவள் மேலே வருவதற்குள் வீடியோ முடிந்து, முதலிலிருந்து ஓடுகிறது. மறுபடி கண்ணில் ஒற்றுகிறாள், மறுபடி மூழ்குகிறாள். லட்சக்கணக்கானவர்கள் பார்த்திருந்தார்கள்.

மூன்றாவது தடவை ஓடியபோதுதான் அவளுக்குப் பின்னால் இருந்ததைப் பார்த்தேன். தீவு. மணலில் எங்கள் தெருப் பெண்கள் தூக்குச்சட்டியைத் திறந்து வைத்துக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தத் தீவுகளில் ஏறக் கூடாது என்பது அரசாங்கத் தடை. காலகாலமாக ஏறி இளைப்பாறிய இடம் என்பதெல்லாம் சட்டத்தின் முன்னால் எடுபடாது. அதனால்தான் தீவுக்குப் போவதைப் பற்றி ஊரில் யாரும் வெளியாளிடம் வாயைத் திறப்பதில்லை. இந்த வீடியோவில் ஒவ்வொரு முகமும் துலக்கிய பாத்திரம் மாதிரித் தெரிந்தது.

அண்ணன் மனைவி செல்வி மதினிக்குப் போன் போட்டேன். அழுதுகொண்டேதான் எடுத்தார்.

"பாரஸ்டு ஆபீசருக வந்துட்டுப் போயிட்டாக கலா. படத்தக் காட்டி இது யாரு, அது யாருன்னு கேட்டாக. வத்தையக் கரையில ஏத்திப் போடச் சொல்லிட்டாக. நம்ம அத்தைய ஒருத்தியும் மொகங்குடுத்துப் பேச மாட்டேங்கிறா. அந்தப் படம் போனாத்தான் ஒங்க மாமியாள எங்களோட சேப்போம்னு கூட்டத்துல சொல்லிட்டாளுக. பௌர்ணமி வேற வருது."

பாசி எடுக்கத் தனியாகப் போக முடியாது. மூழ்கினவள் வராவிட்டால் தேட இன்னொருத்தி வேண்டும். சேர்த்துக்கொள்ள மாட்டோம் என்றால் கடலே கிடையாது என்று அர்த்தம். அம்மாவிடம் போனைக் கொடுக்கச் சொல்லிக் கோபத்தில் கத்தினேன். "யாரு எவருன்னு தெரியாம அந்தப் படம் எடுத்தவள ஏம்மா வத்தையில ஏத்துன? ஒனக்குத் தெரியாதா?"

அம்மா சொன்னாள்: "ஒத்தையில நின்னுச்சு தாயி. வெயில்ல மொகமெல்லாம் செவந்து போயி. சாப்புட்டியான்னு சைகையில கேட்டேன், இல்லன்னு தலையாட்டுச்சு. எம்புள்ளையும் இப்பிடித்தான எங்கனயோ ஒரு கடக்கரையில நிக்கும், அத எவளாச்சும் கூப்புட்டு ஒரு வாய் கஞ்சி குடுக்க மாட்டாளான்னு நெனச்சேன். ஏத்திக்கிட்டேன்."

வீடியோவில் அவள் வாயசைத்தது என்னவென்று அப்போது விளங்கியது. "எம் மவளும் ஒன்னய மாதிரிதான்" என்றிருக்கிறாள். பாட்டுக்கு அடியில் கிடந்தது நான்தான். என்னை நினைத்துத்தான் அவள் மாட்டிக்கொண்டாள். இந்தப் பழியை நான் எந்தக் கடலில் கொண்டுபோய்க் கொட்டுவது?

வீடியோவைப் போட்டவள் பெயர் கிளாரா. ஊர் ஊராகச் சுற்றுவதே அவளுக்கு வேலை. 'அது என் அம்மா, தயவுசெய்து எடுத்துவிடுங்கள், பிரச்சினையாகிவிட்டது' என்று ஆங்கிலத்தில் எழுதினேன். பதில் இல்லை. அவள் ஏதோ மலைமேல் இருந்தாள், அதையும் படம் போட்டிருந்தாள். வீடியோ ஓடுகிற அந்தச் சமூக ஊடக நிறுவனத்திடமே புகார் செய்யலாமென்றால், என்ன புகார் என்று காரணங்களை வரிசையாகக் காட்டுகிறது. ஆபாசமா, வன்முறையா, மோசடியா? இவள் என் தாய், இதனால் இவள் பிழைப்பே போகிறது என்பதற்கு அழுத்துகிற இடம் எங்கேயும் இல்லை. வன்முறை என்று அழுத்திப் பார்த்தேன். பரிசீலித்தோம், விதிமீறல் இல்லை என்று பதில் வந்தது.

பௌர்ணமிக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது கிளாரா அழைத்தாள். நல்ல பெண்தான், அதுதான் கொடுமை. குரலில் அப்படியொரு பிரியம்.

"உன் அம்மா ஒரு மகாராணி! எனக்கு ஊட்டிவிட்டார் தெரியுமா? அவர் பெயர் என்ன?"

முனியம்மாள் என்றேன். தொழிலுக்குப் போக முடியாமல் இருக்கிறார், படத்தில் தெரிகிறவர்கள் எல்லோருக்கும் கஷ்டம், யார் யார் என்று கேட்கிறார்கள் என்றேன். பதற்றத்தில் என் ஆங்கிலம் வேறு தடுக்கியது.

"புரிகிறது, புரிகிறது. அவரை யாரோ ஒரு பெண் என்று போட்டது என் தப்பு. மரியாதை இல்லாமல் இருந்துவிட்டேன். இப்போதே சரிசெய்கிறேன்" என்றாள். நன்றி சொல்லி வைத்தேன். நிம்மதியாக ஒரு டீ போட்டேன். குடித்து முடிப்பதற்குள் போன் அதிர்ந்தது. வீடியோ அப்படியே இருந்தது. அதன் கீழே இப்போது அம்மாவின் பெயர், ஊரின் பெயர், தீவின் பெயர், 'இவருடைய மகள்' என்று என் பெயர், பக்கத்தில் ஒரு சிவப்பு இதயம்.

அழுதேன். வெட்கம் பார்க்காமல் என் ஆராய்ச்சி வழிகாட்டியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மேசையிலிருந்த காகிதக் கைக்குட்டையை நகர்த்தி வைத்தார், கண்ணாடியைக் கழற்றினார், உண்மையிலேயே வருந்தினார். கடைசியில், "இதை உன் ஆய்வில் ஓர் அத்தியாயமாக எழுதலாம். இப்படி உள்ளேயிருந்து எழுத இன்னொருவருக்கு வாய்க்காது" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். தலையை ஆட்டிவிட்டு வந்தேன். வீடு பற்றி எரிகிறபோது வெளிச்சம் நன்றாயிருக்கிறது என்பவரிடம் என்ன பேசுவது?

திரும்பத் திரும்ப எழுதியதில் கிளாராவுக்குக் கடைசியில் விளங்கி, எடுத்துவிட்டாள். பெரிய மன்னிப்பும் எழுதினாள். ஆனால் அதற்குள் வேறு ஆட்கள் பிரதி எடுத்துப் போட்டிருந்தார்கள். ஒன்றில் பக்திப் பாட்டு, ஒன்றில் சினிமாப் பாட்டு, ஒன்றில் தன்னம்பிக்கைப் பேச்சு. எல்லாவற்றிலும் அம்மா மூழ்குகிறாள், ஒன்றிலும் மேலே வரவில்லை. போய்விட்டதா என்று தெரிந்துகொள்ள நான் பார்க்கத்தான் வேண்டியிருக்கிறது. பார்க்கப் பார்க்கப் பார்த்தவர்கள் எண்ணிக்கை கூடுகிறது. மூழ்கும்போதெல்லாம் என்னையறியாமல் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன்.

பௌர்ணமி வந்தது. தெருப் பெண்கள் வனத்துறை ஆபீசில் பேசியதில், மற்றவர்களுக்கு வத்தையை இறக்க வழி பிறந்துவிட்டது. அன்று காலை, இங்கே இன்னும் விடியாத நேரத்தில், அம்மாவே வீடியோ காலில் வந்தாள். கரையில் நின்றிருந்தாள். பின்னால் பெண்கள் சட்டையைப் போட்டுக்கொண்டு வத்தையைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அம்மா சேலை மட்டும் கட்டி, தலை நன்றாகக் காய்ந்து, யார் வீட்டு விசேஷத்துக்கோ வந்தவள் மாதிரி இருந்தாள்.

"படம் இன்னும் இருக்குதாம். அடுத்த அமாவாசைக்குப் பாப்பமுன்னு சொல்லிட்டாளுக. போகட்டும் விடு. நீ சாப்புட்டியா?"

"நான் வந்துரவா ஆத்தா?"

"வந்து? நீயும் எங்கூடக் கரையில நிக்கவா? படிச்சு முடி தாயி." கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டாள்: "அந்தப் புள்ள ஊரு போயிச் சேந்துருச்சாமா?"

போனை வைத்துவிட்டு, விடிந்ததும் நடந்தேன். காற்றும் தூறலுமாக இருந்தது. சாலை முடிந்து சுவர் வந்தது. இத்தனை மாதத்தில் ஒரு நாளும் நான் அதை உதைத்ததில்லை. அன்றைக்கு உதைத்தேன். கிளாராவை, போனை, தெருப் பெண்களை, தொலைவில் வந்து உட்கார்ந்திருக்கிற என்னை, எல்லாவற்றையும் சேர்த்து, கட்டைவிரல் விண்ணென்று தெறிக்க உதைத்தேன். உதைத்த கையோடு, யாரோ அதட்டினாற்போலக் குனிந்து, அந்த ஈரச் சுவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

நிமிர்ந்தால் எதிரே ஒரு பயணி, கையில் போன். என் வயதுதான் இருக்கும். முகமெல்லாம் மலர்ச்சி.

"அழகாக இருந்தது! கடைசியில் தொட்டுக் கண்ணில் வைத்தாயே, அதை இன்னொரு தடவை செய்கிறாயா? எனக்குச் சரியாகக் கிடைக்கவில்லை."