மேல் பாதி அக்காவுக்கு

அக்கா மகள் திவ்யாவின் அழைப்பு வந்தபோது நான் வைட்ஃபீல்டில், எங்கள் அபார்ட்மெண்ட் வாசலில் ஆபீஸ் வண்டிக்காக நின்றுகொண்டிருந்தேன். “மாமா, அம்மா...” என்றாள். அதற்குமேல் அவளுக்குப் பேச்சு வரவில்லை. எனக்கும் கேட்கத் தேவையிருக்கவில்லை. வண்டி வந்து நின்றது, டிரைவர் ஹாரன் அடித்தார், நான் ஏறவில்லை. சாலையைக் கடந்து மெட்ரோவைப் பிடித்தேன். வழியெல்லாம் மண்டைக்குள் ஒரே எண்ணம்தான் ஓடியது: இதை உடனே அக்காவிடம் சொல்ல வேண்டும். நல்லதோ கெட்டதோ, எதுவானாலும் முதலில் அவளிடம் சொல்லித்தான் எனக்குப் பழக்கம்.

என் அக்கா வசந்தியை உங்களில் பலருக்குத் தெரியும். ஆஸ்டின் டவுனில் அந்தச் சின்னக் கண் ஆஸ்பத்திரிக்கு ஒருமுறையாவது போனவர்கள், அவளிடம் டோக்கன் வாங்காமல் டாக்டர் முகத்தைப் பார்த்திருக்க முடியாது. தமிழ், கன்னடம், உருது, இங்கிலீஷ் என்று வருகிறவர் வாயைத் திறப்பதற்குள் அவர் மொழி எதுவென்று கண்டுபிடித்து, அந்த மொழியிலேயே உட்காரச் சொல்லிவிடுவாள். “டோக்கன் இல்லாம கடவுளே வந்தாலும் வெளியிலதான் உக்காரணும்” என்பது அவளுடைய சட்டம். இப்படி எழுதும்போது ‘அவர்’ என்று மரியாதையாக எழுதத்தான் பார்த்தேன். படித்தால் விழுந்து விழுந்து சிரிப்பாள் என்று தோன்றியது. அதனால் ‘அவள்’ என்றே எழுதுகிறேன்.

ஒருமுறை எனக்குக் கண் சிவந்து நீர் வழிந்தது. சொந்த அக்கா இருக்கிறாள் என்ற தைரியத்தில் நேராக அவள் மேசைக்கே போனேன். கூட்டத்தின் நடுவில் என்னை ஏற இறங்கப் பார்த்து, “சார், டோக்கன் எடுத்தீங்களா?” என்றாள்.

“அக்கா, நான்தான்.”

“தெரியுது சார். எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு. உங்களுக்குத்தான் சரியில்ல. போய் உக்காருங்க.”

உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த கன்னடக்கார அம்மாளிடம், “நம் தம்மானே அம்மா, ஸ்வல்ப கொப்பு ஜாஸ்தி” என்று என்னை அறிமுகம் செய்துவைத்தாள். என் தம்பிதான், கொழுப்புதான் கொஞ்சம் அதிகம் என்று அர்த்தம். அந்த அம்மாள் என்னை அனுதாபத்தோடு பார்த்தார். மத்தியானம் அக்காவே ஆட்டோ பிடித்து என்னை வீட்டுக்குக் கூட்டிப்போய், மூன்று வேளையும் அவள் கையாலேயே மருந்து விட்டாள்.

எங்கள் இருவருக்கும் இருந்த வழக்கு இதையெல்லாம்விடப் பழையது. அது ஒரு டைரியில் தொடங்கியது. அப்பா ஒரு கம்பெனியில் டிரைவர். புது வருடம் பிறந்தால் கம்பெனியிலிருந்து ஒரே ஒரு டைரி வரும். வீட்டில் பிள்ளைகள் இரண்டு பேர். முதல் வருடம் இழுத்த இழுப்பில் அட்டை கிழிந்தது. அம்மா அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து, ஸ்கேலை வைத்து ஒவ்வொரு பக்கத்துக்கும் நடுவில் ஒரு கோடு போட்டாள். “மேல பாதி அவளுக்கு, கீழ பாதி உனக்கு. இனிமே சத்தம் வந்துச்சு, தூக்கி அடுப்புல போட்டுடுவேன்” என்றாள். அக்கா என்னைவிட நான்கு வகுப்பு மூத்தவள். அவள் முதலில் எழுதுவாள். அவள் எழுதியதைப் படித்துவிட்டு நான் எழுதுவேன். கடைசி வார்த்தை எனக்கு என்று ஆகிவிட்ட விஷயம் அக்காவுக்குப் புரிவதற்குள் பாதி வருடம் போய்விட்டது.

அந்த டைரிகளை நாங்கள் இருவருமே மறந்துபோனோம். அக்காவுக்குக் கல்யாணமாகி, எனக்கு வேலை கிடைத்து, அப்பாவும் அம்மாவும், பிறகு அத்தானும் போய், ஆஸ்டின் டவுன் வீட்டில் அக்காவும் அவள் மகள் திவ்யாவும் மட்டும் என்று ஆன பிறகு, ஒரு மழைக்காலத்தில் கூரை ஒழுகியது. பரணை ஒழித்தார்கள். அன்று எனக்கு போன் வந்தது. “டேய், உடனே கெளம்பி வா. நீ சின்ன வயசுல சொன்ன பொய்யெல்லாம் கெடச்சிருக்கு!”

பழைய கொசுவலையில் சுற்றி, டிரங்குப் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தன. அம்மாதான் வைத்திருக்க வேண்டும். அடுப்பில் போடுவேன் என்று மிரட்டியவள், ஒன்றைக்கூடப் போடவில்லை.

அதன்பிறகு எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அந்த டைரிகளுக்குத்தான். அக்கா டோக்கன் கூப்பிடும் குரலில் மேல் பாதியை வாசிப்பாள்: “இன்று தம்பி பாலைக் கொட்டினான். அம்மா அடித்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது.” நான் கீழ்ப் பாதியை வாசிப்பேன்: “மேலே எழுதியது பொய். பூனைதான் கொட்டியது.” அக்கா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “நம்ம வீட்ல ஏதுடா பூனை?” என்பாள். திவ்யா சிரித்துச் சிரித்துத் தரையில் உருளுவாள். பக்கத்துக்குப் பக்கம் என் பங்கு அந்த வாக்கியத்தோடுதான் ஆரம்பித்தது. மேலே எழுதியது பொய், மேலே எழுதியது பொய். நான் கதை எழுத ஆரம்பித்ததில் அக்காவுக்கு ஆச்சரியமே இருந்ததில்லை. “சின்ன வயசுலேர்ந்து பழகின தொழில்” என்பாள்.

படிக்கப் படிக்க ஒன்று தெரிந்தது. அவள் பாதியில் அவளே இல்லை. தம்பிக்குக் காய்ச்சல், தம்பி கணக்கில் பெயில், தம்பி இன்று சாப்பிடவில்லை. வேண்டிப் பெற்ற பிள்ளையைக்கூட இத்தனை கண்காணிப்பு வைத்து வளர்க்க மாட்டார்கள். நானோ அவளை மறுப்பதற்கென்றே எழுதப் படிக்கக் கற்றவன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் சிரிப்பு நின்றது. அன்று வந்தது லால்பாக் மலர்க் காட்சிக்குப் போன நாளின் பக்கம். அக்கா எழுதியிருந்தாள்: “கூட்டத்தில் தம்பி என் கையை விட்டுவிட்டு ஓடினான். தொலைந்துபோனான். மைக்கில் அவன் பெயரைச் சொன்னார்கள்.” கீழே நான்: “மேலே எழுதியது பொய். அக்காதான் கையை விட்டாள். நான் தொலையவில்லை. அவள்தான் தொலைந்தாள்.”

நான் வழக்கம்போல் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை.

“அன்னைக்கு அப்பா என்னைத்தான் அடிச்சாரு, தெரியுமா? சின்னப் பையன் கைய விட்டுட்டியேன்னு எல்லார் முன்னாடியும் அடிச்சாரு.”

எனக்கு அது நினைவில் இல்லை. மைக்கும், யாரோ ஒரு போலீஸ்காரர் வாங்கிக்கொடுத்த ஐஸும்தான் நினைவில் இருந்தன. “அதுக்கென்னக்கா இப்போ?” என்றேன்.

“அடி அன்னைக்கே மறந்துபோச்சு. ஆனா நீ அதை நம்பி எழுதியிருக்க பாரு. ஏண்டா, உன் கைய நான் விடுவேனா?”

அம்மா உயிரோடு இருந்தபோது, கூட்டம்தான் உங்களைப் பிரித்தது என்று சொல்லியிருக்கிறாள். அதைச் சொன்னேன். அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. “கூட்டம் மேல பழிய போடாத. எழுதினவன் நீ” என்றாள். எழுதினது எழுதினதுதான் என்று நானும் வீம்புக்குச் சொன்னேன். அந்த வழக்கு அன்றோடு முடியவில்லை. தீபாவளிக்கு முறுக்குத் தட்டை நீட்டும்போதும், “கைய விட்டவங்க குடுக்கிறத சாப்பிடுவீங்களா சார்?” என்பாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் சொல்வதை நிறுத்தவே இல்லை.

அடுத்த புது வருடத்துக்கு மருந்துக் கம்பெனிக்காரர் அவளுக்கு ஒரு டைரி கொடுத்தார். அக்கா ஸ்கேலை எடுத்துக் கோடு போட்டாள். திவ்யாவுக்கு வைட்ஃபீல்டில்தான் ஆபீஸ். வாரம் ஒருமுறை லேப்டாப் பையில் அந்த டைரியும் மெட்ரோவில் என் வீட்டுக்கு வரும், கீழ்ப் பாதி நிரம்பியதும் திரும்பிப் போகும். “நான் என்ன உங்க ரெண்டு பேருக்கும் கூரியரா?” என்று கத்துவாளே தவிர, ஒருமுறையும் மறந்ததில்லை.

இந்த வருடம் அக்காவின் எழுத்து சாய ஆரம்பித்தது. இதயம் பலவீனமாகிவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டும் நர்ஸ்களிடம், யார் எந்த வரிசையில் உள்ளே போக வேண்டும் என்று பாடம் நடத்தினாள். ஒரு சாயங்காலம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நர்ஸ் வந்து, ஊசி போட வேண்டும், கையை விடுங்கள் என்றார். விட்டேன். அக்கா கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: “பாத்துக்கோ, விடச் சொன்னது சிஸ்டர். நாளைக்கு நான் விட்டேன்னு எழுதிடாத.” நர்ஸுக்கு ஒன்றும் புரியவில்லை. நாங்கள் இருவரும் சிரித்தோம். நாங்கள் சேர்ந்து சிரித்தது அதுவே கடைசி.

காரியம் எல்லாம் முடிந்து, வந்தவர்கள் கிளம்பிய பிறகு திவ்யா டைரியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். “மாமா, இது ஆஸ்பத்திரியில எழுதினது. இந்த வாரம் நான் எடுத்துட்டு வரல. கீழ காலியா இருக்கு. பாதிப் பக்கத்தோட விடக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருந்தாங்க.”

எழுத்து கோட்டைத் தாண்டிக் கீழே இறங்கப் பார்த்து, எப்படியோ மேலேயே நின்றிருந்தது. அக்கா எழுதியிருந்தாள்:

“லால்பாக்கில் தம்பி கையை விட்டது நான்தான். அவன் எழுதியதுதான் சரி. இனி இதைப் பற்றிச் சண்டை வேண்டாம்.”

வாழ்நாள் முழுக்க ஒப்புக்கொள்ளாததை, போகிற நேரத்தில் எனக்காக விட்டுக்கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். நான் ஜெயித்துவிட்டேன். அந்த ஜெயத்தை வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்து சத்தம்போட்டு அழுதேன். திவ்யா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

அக்காவின் புடவைகளை அவள் தோழிகள் வாங்கிக்கொண்டார்கள். கண்ணாடியைத் திவ்யா வைத்துக்கொண்டாள். எனக்கு அந்த டைரிகள். அவற்றோடு, கடைசி வார்த்தை சொல்லும் என் பழைய உரிமை. அன்றே, அந்த வீட்டிலேயே, திவ்யாவிடம் பேனா வாங்கிக் கோட்டுக்குக் கீழே எழுதினேன்:

“மேலே எழுதியது பொய். என் அக்கா என் கையை விட்டதே இல்லை.”