அண்ணன் ஓட்டிய கொம்பு வண்டி

எங்கள் அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. வடமதுரைப் பக்கம் மானாவாரி விவசாயக் குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார். 1950களில் அப்பா காலமானபின் லாரியில் கிளீனராகச் சேர்ந்து, டிரைவராகி, தம்பி தங்கைகள் நால்வரையும் கரையேற்றினார். திண்டுக்கல் நூற்பாலையில் என்னைச் சுமை ஆளாகச் சேர்த்துவிட்டவரும் அவரே.

அறுபதுகளின் தொடக்கத்தில் அந்த ஆலைக்குப் பெட்ரோலில் ஓடும் ஃபோர்க்லிஃப்ட் வந்தது. முன்னால் நீண்டிருந்த இரண்டு இரும்புக் கரங்களைப் பார்த்து நாங்கள் அதைக் கொம்பு வண்டி என்போம். நான்கு பேர் முதுகு நோகப் புரட்டும் பஞ்சுப் பொதியை அது அலுங்காமல் தூக்கி அடுக்கியது. அதை ஓட்ட, லாரி ஓட்டிப் பழகிய அண்ணனை வேலைக்கு வைத்தார்கள். கூடப்பிறந்தவரே வயிற்றில் அடிக்கிறாரே என்று நான் அவரோடு பேச்சை நிறுத்திக்கொண்டேன்.

அந்த ஆண்டு ஆயுத பூஜையன்று நல்ல மழை. பஞ்சு நனையக் கூடாதென்று கிடங்கின் கதவுகளை அடைத்திருந்தோம். ஓடுகிற வண்டிக்குத்தான் தீபாராதனை காட்ட வேண்டும் என்று மேனேஜர் சொன்னதால் இன்ஜினும் ஓடிக்கொண்டிருந்தது. எல்லோருக்கும் தலை வலித்தது. சாம்பிராணிப் புகை என்றே நினைத்தோம். அண்ணன் மட்டும், தட்டில் சூடம் எரியும்போதே இன்ஜினை நிறுத்தி, ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். சாரலில் சில பொதிகள் நனைந்துவிட்டன.

“பூசை நேரத்துல என்னய்யா இது?” என்றார் மேனேஜர்.

“சாம்பிராணி இல்லங்கய்யா, வண்டிப் புகை. இவுகளுக்கெல்லாம் தல வலிக்கும், கேட்டுப் பாருங்க.”

மேனேஜர் என்னைக் கேட்டார். எனக்குத் தலை விண்விண்ணென்று தெறித்தது. “அப்படி ஒண்ணுமில்லங்க” என்றேன். மற்றவர்களும் அதையே சொன்னார்கள். அண்ணனை வண்டியிலிருந்து இறக்கி வாசல் காவலுக்குப் போட்டார்கள்.

அடுத்த மழைக்குப் புது டிரைவர் அடைத்த கிடங்குக்குள் வண்டி ஓட்டினார். நான் மயங்கி விழுந்தேன். வாசலிலிருந்து ஓடிவந்து என்னைத் தோளில் போட்டு வெளியே கொண்டுவந்தவர் அண்ணன்தான். “மூச்ச இழுலே, செத்த நேரத்துல சரியாப் போகும்” என்றார்.

தெளிந்ததும் மேனேஜரிடம் போய், பூசையன்று நான் சொன்னது பொய் என்றேன். அண்ணன் மறுபடி வண்டியில் ஏறினார். அதன்பின் கதவு திறக்காமல் இன்ஜின் ஓடியதில்லை. நாங்கள் பயந்தபடியே சுமை ஆட்களில் நால்வரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அவர்களுக்கு லாரி செட்டில் வேலை வாங்கிக் கொடுத்தவரும் அண்ணனே.

கடைசி நாட்களில் அவரை முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட அண்ணியாருக்கும், ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வந்த அண்டை வீட்டாருக்கும், தோள் கொடுத்த ஆலை நண்பர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

மேனேஜரிடம் சொன்னதை அண்ணனிடம் நேரில் சொல்ல எனக்குக் கடைசிவரை வாய் வரவில்லை. அண்ணே, அன்றைக்கு எனக்குத் தலை வலித்தது.