கடன் போட்டால் தள்ளுபடி

முழுப் பணத்தையும் கையில் வைத்துக்கொண்டுதான் கார் வாங்கப் போனோம். அந்தப் பெருமை எனக்கு அப்போது சொல்லி மாளாது.

திருவள்ளூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் எனக்கு வேலை. என் கணவருக்குக் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், இரும்புக் கம்பி தயாரிக்கும் ஆலையில் வேலை. இரண்டு ஊருக்கும் நேர் ரயில் கிடையாது. சென்னை வரை போய் வேறு வண்டி மாறித் திரும்ப வடக்கே போக வேண்டும். அதனால் பல வருஷமாக அவர் பெரியபாளையம் வழியாக பைக்கில்தான் போய் வந்துகொண்டிருந்தார். ஐப்பசி மழையில் ஒரு நாள், கன்டெய்னர் லாரி வாரியடித்த சேற்றில் கண் தெரியாமல் வழுக்கி விழுந்து, முழங்கையில் தோல் உரிந்து, சட்டையெல்லாம் செம்மண்ணாக வந்து வாசலில் நின்றார். அவருக்குக் காயம் கழுவிக்கொண்டிருக்கும்போதே நான் சொல்லிவிட்டேன், கார் வாங்குகிறோம் என்று.

பணம் இருந்தது. அவர் முன்பு வேலை பார்த்த கம்பெனியை மூடியபோது கொடுத்த செட்டில்மென்ட் தொகை, நான் கட்டி எடுத்த சீட்டுப் பணம், இரண்டும் சேர்ந்தால் ஒரு சின்ன கார் வரும். கடன் என்ற பேச்சே வேண்டாம் என்றேன். சின்ன வயதில் எங்கள் அப்பா வட்டிக்கு வாங்கியிருந்த ஒருவரின் கடை, நாங்கள் பள்ளிக்கூடம் போகிற தெருவில் இருந்தது. அவர் கண்ணில் படாமல் இருக்க நானும் தங்கையும் குளக்கரை சுற்றிப் போவோம். அதற்குப் பிறகு ஒரு மிக்ஸி கூட நான் தவணையில் வாங்கியதில்லை.

ஷோரூமில் எங்களைக் கவனித்த விற்பனையாளர் நல்ல சுறுசுறுப்பு. கதவைத் திறந்து காட்டினார், பின் சீட்டை மடக்கிக் காட்டினார், என் கணவரை ஸ்டீயரிங் முன்னால் உட்காரவைத்து போட்டோ எடுத்தார். எவ்வளவு லோன் வேண்டும் என்று கேட்டபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"லோன் வேணாம் தம்பி. மொத்தமும் கேஷ்தான். எவ்ளோ கொறைப்பீங்க?"

அவர் முகத்தில் இருந்த உற்சாகம் சட்டென்று இறங்கியது. "கேஷுன்னா பத்தாயிரம் கொறைக்கலாம் மேடம்."

"அவ்ளோதானா?"

"லோன் போட்டீங்கன்னா அம்பதாயிரம் வரைக்கும் வரும்."

என் கணவர் காரிலிருந்து இறங்கி வந்தார். "இன்னாப்பா இது உல்ட்டாவா கீது? துட்டு கையில வச்சிக்கினு வந்தவனுக்குக் கம்மி, கடன் கேக்குறவனுக்கு ஜாஸ்தியா?"

எனக்கு வந்த கோபத்தில் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். எதிரில் இருந்த டீக்கடையில் இருவரும் நின்றோம். என்னை யாரோ ஏமாற்றப் பார்ப்பது போல் இருந்தது. ஆனால் எந்த இடத்தில் ஏமாற்று என்று பிடிபடவில்லை. டீ பாதி குடிப்பதற்குள் அந்த விற்பனையாளரே சாலையைக் கடந்து எங்களிடம் வந்தார். வந்தவர் மேடத்தை விட்டுவிட்டு அக்கா என்றார்.

"உண்மையைச் சொல்லிடறேன்க்கா. நாங்க ஒரு லோன் புடிச்சிக் குடுத்தா ஃபைனான்ஸ் கம்பெனி எங்க ஷோரூமுக்கு கமிஷன் குடுக்கும். அதுல ஒரு பங்குதான் டிஸ்கவுன்ட்டா உங்களுக்கு வர்றது. கேஷ்ல அந்தக் காசே இல்ல. நாங்க எங்கேர்ந்து கொறைக்கிறது?"

"அப்ப கடன் வாங்கிட்டு மறுநாளே அடைச்சிட்டா?"

அவர் சிரித்துவிட்டார். "மறுநாள் முடியாதுக்கா. ஆறு மாசம் தவணை கட்டியே ஆவணும். அதுக்கப்புறம் அடைக்கலாம். பாக்கி இருக்கிற தொகை மேல ஒரு சார்ஜ் போடுவாங்க."

"எவ்ளோ சார்ஜ்? கொறைஞ்சது எவ்ளோ கடன் வாங்கணும்?"

அவர் எல்லாவற்றையும் சொன்னார். ஒளிக்கவில்லை. வீட்டுக்கு வந்து சமையல் மேடை மேல் செல்போனை வைத்துக்கொண்டு கணக்குப் போட ஆரம்பித்தேன். குக்கர் விசில் எத்தனை வந்தது என்று கவனிக்கவில்லை, பருப்பு குழைந்துவிட்டது. குறைந்தபட்சக் கடன் மூன்று லட்சம். ஆறு மாத வட்டி, விண்ணப்பக் கட்டணம், முன்கூட்டி அடைக்கும் சார்ஜ், அதன் மேல் வரி. எல்லாம் கழித்தும் தள்ளுபடி மிஞ்சியது. நம் பணம் அதுவரை வங்கி டெபாசிட்டில் கிடந்தால் அதற்கும் கொஞ்சம் வட்டி வரும். மூன்று தடவை போட்டும் விடை மாறவில்லை. ஏறக்குறைய இருபதாயிரம் ரூபாய் எங்களுக்கு லாபம்.

நான் கூடத்துக்கு ஓடினேன். "ஏங்க, கடன் வாங்கலாம்!"

அவர் டிவியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்த பார்வை! "நீயா சொல்ற? உடம்பு நல்லாதானே கீது?"

மறுபடி ஷோரூமுக்குப் போனபோது நான் வேறு ஆளாகப் போனேன். பரீட்சைக்குப் படித்துவிட்டுப் போகிற பெண் மாதிரி, கேட்க வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடன் பாதுகாப்பு இன்ஷூரன்ஸ் என்று ஒன்றைச் சேர்த்திருந்தார்கள். கட்டாயமா என்று கேட்டேன். "கட்டாயம்லாம் இல்லக்கா, எல்லாரும் போடுவாங்க" என்றார். எடுத்துவிடச் சொன்னேன். சீட் கவர், மிதியடி, ஏதோ பாலிஷ் எல்லாம் சேர்ந்த ஒரு பேக்கேஜ் இருந்தது. அதையும் எடுக்கச் சொன்னேன். ஐம்பதாயிரமும் பில்லில் ஏறிய பிறகுதான் கையெழுத்து என்றேன். ஆறு மாதம் முடிந்ததும் எந்த விகிதத்தில் சார்ஜ் என்பதை ஒப்பந்தத்தில் தேடிப் பிடித்து, விரலை அந்த வரியின் மேலேயே வைத்துக்கொண்டேன்.

"நீங்க பேங்க்ல வேலை செய்யறீங்களாக்கா?"

"இல்ல தம்பி, ரத்தம் எடுக்கறேன்."

என் கணவர் அடக்க முடியாமல் சிரித்தார். சம்பளச் சீட்டு அவருடையது என்பதால் கடனும் அவர் பெயரில். அவர் பக்கம் பக்கமாகக் கையெழுத்துப் போடப் போட, எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போல் இருந்தது. கணக்கு சரி என்று மூளைக்குத் தெரியும். ஆனாலும் குளக்கரை சுற்றிப் போன கால்களுக்கு அது தெரியாதே.

தை மாதம் வண்டி வந்தது. கருநீலம். நான்கு சக்கரத்தின் கீழும் எலுமிச்சம்பழம் வைத்து, அவர் மெதுவாக ஏற்றி நசுக்கினார். திருப்பாச்சூர் வரை ஒரு ஓட்டம் போய்வரலாம் என்று கிளம்பினோம். கண்ணாடியை இறக்கினால் அறுவடை வயலின் வைக்கோல் வாசனை, ஏற்றினால் புது சீட்டின் வாசனை. நான் ஏற்றி ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தேன். "மோட்டார் பூடப்போவுதும்மே!" என்று அவர் கத்தினார். கோயில் வாசலில் நிறுத்திவிட்டு இரண்டு பேரும் இறங்காமல் ஐந்து நிமிஷம் சும்மா உட்கார்ந்திருந்தோம். இறங்க மனசு வரவில்லை.

மறுவாரத்திலிருந்து அவர் காரில் ஆலைக்குப் போனார். அதே ஷிப்டில் இருந்த மூன்று பேர் வழியில் ஏறிக்கொண்டு பெட்ரோல் செலவைப் பகிர்ந்துகொண்டார்கள். மாதம் பிறந்தால் தவணை எடுத்ததாக போனுக்குச் செய்தி வரும். எனக்கு அந்தச் சத்தம் பிடிக்காது. ஆனால் அவருக்குப் பழகிவிட்டது. அதுதான் வினையானது.

வைகாசியில் ஒரு நாள் சாப்பிடும்போது மெல்ல ஆரம்பித்தார். "கவரைப்பேட்டை தாண்டி மனை போட்டுக்கினு கீறாங்களாம். நம்ம வண்டியில வர்ற ஒருத்தரு அட்வான்ஸே குடுத்துட்டாரு. அந்த டெபாசிட் துட்டை எடுத்து நம்மளும் ஒண்ணு வாங்கிப் போட்டா இன்னா? தவணைதான் பேஜாரு இல்லாம போய்க்கினு கீதே."

"அது கார் கடனை அடைக்க வச்ச பணம்ங்க."

"அஞ்சு வருஷம் டைம் குடுத்துக்கிறான். எதுக்கு அவசரம்?"

"அஞ்சு வருஷம் கட்டினா தள்ளுபடியைப் போல ரெண்டு மடங்கு வட்டியாப் போயிடும். அப்ப இவ்ளோ பாடுபட்டது எதுக்கு?"

குரல் உயர்ந்தது. அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார். ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை. கடைசியில், "உன் இஷ்டம். நீயே போய் அடைச்சிக்கோ" என்றார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஆறாவது தவணை போன பிறகு, அந்த மாதக் கடைசியில் ஃபைனான்ஸ் அலுவலகத்தில் அடைக்க வேண்டிய தொகையை எழுதி வாங்கினேன். அந்தக் கணக்கு சனிக்கிழமை வரை செல்லும். திங்கட்கிழமை அடுத்த தவணை. டெபாசிட்டை முடித்து வங்கி டிராஃப்ட் எடுத்துக்கொண்டு சனிக்கிழமை காலையில் போனேன். மாடியில் சின்ன ஆபீஸ். மேனேஜர் டிராஃப்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எதுக்கு மேடம் அடைக்கிறீங்க? சாரோட ரெக்கார்டு சூப்பரா இருக்கு. இன்னும் ரெண்டு லட்சம் சேர்த்துத் தர்றோம்."

"வேணாம் சார். அடைச்சிடுங்க."

"அப்ப கடன் வாங்கினவரே வந்து கையெழுத்துப் போடணும்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. டிராஃப்ட் கொண்டுவந்தால் போதும் என்று அதே ஆபீஸில் முன்பு சொல்லியிருந்தார்கள். அவரோ கும்மிடிப்பூண்டியில் வேலையில். இங்கே ஒரு மணிக்கு மூடிவிடுவார்கள். ஆலைக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள். கேட்டில் இருக்கும் செக்யூரிட்டி எண்ணுக்குக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். "சொல்லிடறேம்மா" என்று வைத்துவிட்டார். அவ்வளவுதான். பிறகு சத்தமே இல்லை. அவர் எண்ணுக்குக் கூப்பிட்டால் மணி அடித்து அடித்து நின்றது.

வருவாரா? மனைக்கு ஆசைப்பட்ட மனிதர். பர்மிஷன் கிடைக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. அவரைக் குறை சொல்லக்கூட முடியாது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டு மணிக்கு மேல் போன் வந்தது. பின்னால் உடுக்கைச் சத்தமும் பம்பைச் சத்தமும். "பெரியபாளையத்துக்கு முன்னாடி, நம்ம ஆரணிகிட்ட மாட்டிக்கினேன். கோயில்ல ஆடிக் கூட்டம், ரோடே தெரியல. போலீஸ்காரங்க வண்டியத் திருப்பி உட்டுட்டாங்க. செங்குன்றம் சுத்தி வர்றேன். நீ எழுந்து வந்துடாத!"

வருகிறார்! எனக்கு அந்த நாற்காலியிலேயே குதிக்க வேண்டும் போல் இருந்தது. ஆனால் செங்குன்றம் சுற்றி வருவதென்றால் எவ்வளவு தூரம்!

ஒரு மணிக்கு ஷட்டரைப் பாதி இறக்கினார்கள். மேனேஜர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "திங்கட்கிழமை வாங்க மேடம்."

"திங்கட்கிழமை தவணை எடுத்துடுவீங்க, புதுக் கணக்கு போடுவீங்க. இன்னிக்கு வரைக்கும் செல்லும்னு நீங்கதானே சார் எழுதிக் குடுத்தீங்க? எங்க வீட்டுக்காரர் வந்துகினே இருக்காரு. அவர் வராம நான் எழுந்திருக்க மாட்டேன்."

"ரூல்ஸ்னு ஒண்ணு இருக்கு மேடம்."

கடைசி ஆளாகத் தவணை கட்டிவிட்டு ரசீதுக்கு நின்ற ஓர் ஆட்டோ ஓட்டுநர் திரும்பினார். "சார், அந்தம்மா துட்டு அடைக்கத்தானே வந்துகீது? குடுக்காம ஓடறவனைத் தொரத்திக்கினு போறீங்க, குடுக்க வந்தவங்களுக்குக் கொஞ்சம் வெய்ட் பண்ணா இன்னா கொறைஞ்சிடும்?" பிறகு என் பக்கம் குனிந்து, "யக்கா, நடுவுல அடைக்கலாமா? எனக்கு யாருமே சொல்லலியே" என்றார். நான் அவருக்கு விளக்க ஆரம்பித்தேன். மேனேஜர் பையை இறக்கி மேஜை மேல் வைத்தார்.

படிக்கட்டில் கனமான காலணிச் சத்தம் கேட்டது. பாதி இறக்கிய ஷட்டருக்குக் கீழே குனிந்து என் கணவர் உள்ளே வந்தார். ஆலைச் சீருடை, நெற்றியில் ஹெல்மெட் பதிந்த தடம், முகமெல்லாம் இரும்புத் தூளும் வேர்வையும். யாரையும் பார்க்காமல் நேராக மேஜைக்குப் போனார்.

"எங்க சார் கையெழுத்து?"

போட்டார். மேனேஜர் முத்திரை குத்தினார். கணக்கு முடிந்தது என்று ரசீது வந்தது. மடித்துப் பைக்குள் வைத்த மறுகணம் பயம் வந்து மறுபடி எடுத்துப் படித்தேன். படி இறங்கும்போது கடைசி இரண்டு படியை நான் தாண்டிக் குதித்தேன். பரிசோதனை நிலையத்தில் கூட வேலை செய்கிறவர்கள் பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள்.

"வர மாட்டீங்கன்னு நெனச்சேன்" என்றேன்.

"ஆரணிகிட்ட திருப்பி உட்டப்ப, சரி உடு, ஊட்டுக்குப் போயிடலாம்னு ஒரு நிமிசம் தோணுச்சி." முகத்தைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டார். "ஆனா நீ அந்த சேர்ல உக்காந்துகினே இருப்பியே. அத நெனச்சேன். மிதிச்சிக்கினு வந்தேன். மனை கெடக்குது உடு."

பசி எங்களைப் பிடுங்கித் தின்றது. பேருந்து நிலையம் பக்கத்தில் ஒரு பிரியாணிக் கடையில் அந்தச் சீருடையோடே உட்கார்ந்தார். செங்குன்றத்தில் எந்த லாரியை எப்படித் தாண்டினார் என்று கையைக் காலை ஆட்டிச் சொல்லிக்கொண்டே இருந்தார். எலும்பைக் கையில் பிடித்தபடி அவர் கியர் மாற்றிக் காட்டியதைப் பார்த்து, பக்கத்து மேஜைக் குழந்தை வாய்பிளந்து சாப்பிட மறந்தது.

கடன் பாக்கி இல்லை என்ற கடிதம் தபாலில் வந்தது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கொடுத்து, வண்டியின் பதிவுச் சான்றில் இருந்த ஃபைனான்ஸ் கம்பெனி பெயரை எடுத்தோம். இப்போது அங்கே என் கணவர் பெயர் மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஓட்டக் கற்றுக்கொள்கிறேன். திருவாலங்காடு சாலையில் போன வாரம் மூன்றாவது கியர் வரை போய்விட்டேன். அவர் பக்கத்து சீட்டில் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு, "மெதுவாம்மே, மெதுவா!" என்று கத்திக்கொண்டே வந்தார்.