ஓர் ஆளுக்குரிய காற்று

காற்றை அளந்து சம்பளம் வாங்குவது என் தொழில். 'காத்து' என்றால் தமிழில் பேயும்தான் என்பது வேலைக்கு வந்த பிறகுதான் உறைத்தது. மூடின ஏசி அறைகளுக்குள் கொட்டாவி விட்டே காலம் தள்ளுகிற என் இனத்தவரே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். மத்தியானம் உங்களுக்குக் கண் சொருகுவது சோற்றால் மட்டும் அல்ல. விட்ட மூச்சையே திரும்ப இழுக்கிறீர்கள், பக்கத்து மேசைக்காரரின் மூச்சையும் சேர்த்து. அருவருப்பாக இருக்கிறதா? எனக்கு இதுதான் பிழைப்பு.

கொட்டாஞ்சேனையில் ஒரு வகுப்பு

மாடியில் நீளமான டியூஷன் அறை. ஏசி பூட்டிய கையோடு ஜன்னல்களுக்குப் பலகை அடித்துவிட்டார்கள். பின்வரிசை வாங்கில் நானும் ஃபாரூக் நானாவும் மீட்டரோடு இருந்தோம். நானா என்றால் அண்ணன்; அவர் ஏசி மெக்கானிக், என் கூட்டாளி. அளப்பது நான், கழற்றுவது அவர். மீட்டர் அளப்பது காபனீரொட்சைட்டை, அதாவது மனிசர் விட்ட மூச்சை. அறையில் இருக்கிற ஓர் ஆளுக்கு இவ்வளவு வெளிக்காற்று வரவேண்டும் என்று காற்றின் தரத்துக்கு எங்களிடம் ஒரு விதி உண்டு. அந்த அறைக்குள் வெளிக்காற்று வருவதென்றால் யாராவது ஒரு பிள்ளைக்கு ஒன்றுக்கு வந்து கதவு திறக்கவேண்டும்.

மீட்டரில் எண் ஏறிக்கொண்டே போனது. பாதிப் பாடத்தில் முன் வாங்கில் ஒரு தலை சாய்ந்தது. பிறகு பக்கத்துத் தலை. யாரோ தடவிக்கொண்டு வருவதுபோல, வரிசை வரிசையாகத் தலைகள் சத்தமில்லாமல் கவிழ்ந்தன. சில பிள்ளைகளின் கண்கள் திறந்தபடியே இருந்தன. பாடம் எடுத்த சேர் திரும்பிப் பார்க்காமல் கரும்பலகையில் எழுதிக்கொண்டே இருந்தார். ஜன்னலைத் திறக்கச் சொன்னேன். வகுப்பு நடத்துகிற முதலாளி சொன்னார்: "திறந்தா ஏசி வெளியில போயிடும், மிஸ். பிள்ளையள் எங்க போகப் போகுதுகள்?"

காத்து வருது

கல்கிசையிலிருந்து மதி என்று ஒருத்தி எனக்கு ஃபோன் எடுத்தாள். வெள்ளவத்தையில் அவளுடைய அக்கா சுகந்தி தனியாக இருக்கிற ஃபிளாட்டில் காத்துப் பிரச்சினையாம்.

"காத்து வரேல்லையோ?" என்று கேட்டேன்.

"இல்லை மிஸ், வருது. பின்னேரம் கரண்ட் போனாப் போதும், வந்திடும்."

"கடற்கரைப் பக்கம்தானே. வந்தா நல்லதுதானே?"

"என்ன நல்லது? அக்கா அதோட கதைக்கிறா!"

ஐயோ கடவுளே என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். நாங்கள் அந்தக் காத்துக்கு ஆள் இல்லை, ஐயரைக் கூப்பிடுங்கோ என்றேன். மதி அழுவதுபோல் சொன்னாள்: "ஐயர் வந்து நூல் கட்டிப்போட்டுப் போயிட்டார். உங்களைக் கேட்டது அக்காதான் மிஸ், மூச்சை எண்ணுற மெசின் உங்களிட்ட இருக்காமே."

ஒட்டி வைத்த அறை

நாடே கரண்ட் வெட்டைத் திட்டித் தீர்த்த நாட்கள் அவை. சுகந்தியக்கா மட்டும் திட்டவில்லை. கணவரை இழந்து வருடம் திரும்பாத பெண். ஆனால் கதவைத் திறந்தபோது முகம் சிவந்து, புதுக் கலியாணப் பொம்பிளை மாதிரி நின்றா. தலையிடியும் ஓங்காளித்துச் சத்தியும் அடிக்கடி வருகிறதாம், அது பரவாயில்லையாம்.

படுக்கையறை ஜன்னல் இடுக்கு ஒன்றுவிடாமல் மண்ணிற டேப் ஒட்டியிருந்தது. உள்ளே சாம்பிராணிப் புகை. கணவர் கொரோனாவில் போனவர். இந்த வீட்டுப் படியில் தன் காலால் இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போனவரை அக்கா பிறகு பார்க்கவே இல்லை. "மூச்சு முட்டித்தான் போனவர், பிள்ளை. அவர் கடைசியா நல்லா மூச்சு விட்டது இந்த அறையிலதான். அதை வெளியில விட எனக்கு மனமில்லை" என்றா.

கரண்ட் போனதும் அக்கா வந்து படுப்பாவாம். கொஞ்ச நேரத்தில் உடம்பு பாரமாகி, நெஞ்சில் அமுக்கி, கால்மாட்டில் அவர் வந்து இருப்பாராம். பேர் சொல்லிக் கூப்பிடுவாராம். ஆள் இல்லாத அறையில் மெசினை வைத்து, மூச்சு ஏறுகிறதா என்று பார்த்துச் சொல்லவேண்டும், தங்கச்சி நம்புகிறாள் இல்லை என்றா. பிறகு சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்துக்கொண்டு சொன்னா: "நாளையிலயிருந்து கூடின நேரம் கரண்ட் வெட்டப் போகினமாம். ஆறுதலா இருந்து கதைக்கலாம்."

வந்திட்டார்

மீட்டரைத் தலையணையில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, நானாவும் நானும் அக்காவும் விறாந்தையில் இருந்து ஃபோனில் எண்ணைப் பார்த்தோம். வெற்று அறை, எண் அசையவில்லை. கரண்ட் போனது. கொஞ்ச நேரத்தால் எண் மெல்ல ஏறத் தொடங்கியது. உள்ளே ஓர் ஆள் இருந்தால் ஏறுகிற மாதிரி. பிறகு இரண்டு ஆள் இருந்தால் ஏறுகிற மாதிரி. நானா என் முகத்தைப் பார்த்தார். "வந்திட்டார்" என்று அக்கா எழும்பி உள்ளே போய்ப் படுத்துக்கொண்டா.

அவவைத் தனியே விட மனமில்லாமல் நானும் போய்க் கட்டிலோரம் இருந்தேன். இருட்டு. மூக்கில் சாம்பிராணி தவிர வேறொன்றும் இல்லை. நேரம் போகப் போகத் தலை கனத்து, ஒரு சுகமான சோம்பல் வந்தது. எழும்பவேண்டும் என்று தெரிகிறது, எழும்ப மனம் வரவில்லை. அறையோடு ஒட்டின பாத்ரூம் பக்கமாக ஓர் ஆம்பிளை இருமினார். பிறகு, சத்தியமாகச் சொல்கிறேன், "சுகந்தி" என்றார்.

நல்லகாலம், நானா பையைக் கிளறி மற்ற மீட்டரையும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். அது காபனோரொட்சைட்டுக்கு அலறுகிற மீட்டர். எஞ்சின் புகையில் வருகிற, நிறமும் மணமும் இல்லாத நஞ்சு அது. மீட்டர் வீடு அதிர அலறியது. இரண்டு பேருமாக அக்காவை பல்கனிக்கு இழுத்துக்கொண்டு ஓடினோம். பாத்ரூம் ஜன்னல் கட்டடத்தின் நடுவிலுள்ள காற்றுக் குழிக்குள் திறக்கிறது. அதன் அடியில் பக்கத்துக் கடைக்காரர் புது ஜெனரேட்டரை வைத்திருந்தார். அதன் புகை முழுக்க, முதல் மீட்டர் மூச்சென்று எண்ணிய காபனீரொட்சைட்டும் சேர்த்து, மேலே ஏறி இந்த அறைக்குள் வந்து அடைந்திருக்கிறது. வேறு வழியால் போக டேப் விடவில்லை.

நானா இறங்கிப்போய், சிங்களத்தில் சண்டை பிடித்து, அதை நிற்பாட்டிவிட்டு மூச்சு வாங்க ஏறி வந்தார். ஜெனரேட்டர் இருமுகிற மாதிரிச் சத்தம் போடுமா நானா என்று கேட்டேன். நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "இருமும், தங்கச்சி. ஆனா பேர் சொல்லிக் கூப்பிடாது."

ஜன்னல்

அக்காவுக்கு உள்ளதைச் சொன்னேன். மதி வந்து அவவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். மறுநாள், ஜெனரேட்டரைத் தெருப்பக்கம் நகர்த்த ஆட்கள் வந்து நின்றபோது, வீடு திரும்பியிருந்த அக்கா என் கையைப் பிடித்தா. "இண்டைக்கு ஒரு நாள் விடு, பிள்ளை. கரண்ட் வெட்டுற நேரமும் கூட. போயிட்டு வாங்கோ எண்டு அவருக்குச் சொல்லேல்ல."

"அவர் உங்களையும் கூட்டிக்கொண்டு போயிடுவார், அக்கா!"

"அதுக்கென்ன?"

எனக்கு வந்ததே கோபம். வாடிக்கையாளர் என்றும் பாராமல் கத்திவிட்டேன். மூச்சு முட்டிச் செத்த மனுசன், நீங்களும் மூச்சு முட்டிச் சாகிறதைப் பார்க்கவோ வருவார்? கத்தி முடிய எனக்கே அழுகை வந்துவிட்டது. அக்கா ஜன்னலடிக்குப் போனா. பிறகு நகத்தால் டேப்பின் நுனியைக் கிளப்பி, தானே உரிக்கத் தொடங்கினா.

அன்று பின்னேரம் கரண்ட் போனபோது நான் பக்கத்தில் இருந்தேன். கடல் காற்று நேரே உள்ளே வந்து, ஆணியில் கிடந்த அவருடைய ஷேர்ட்டை அசைத்தது. மீட்டரில் எண் இறங்கி, தெருவில் இருக்கிற அளவுக்கே வந்து நின்றது. தர விதிப்படி மிக நல்ல அறை. அக்கா எண்ணைப் பார்த்தா, கால்மாட்டைப் பார்த்தா.

"இப்ப நல்லாக் காத்து வருது, பிள்ளை. அவர்தான் வரேல்ல."

ஓர் அறையில் இருக்கிற ஓர் ஆளுக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்று எங்கள் விதியில் தெளிவாக எழுதியிருக்கிறது. ஓர் ஆள் குறைந்த அறைக்கு எவ்வளவு வேண்டும் என்றுதான் ஒருவரும் எழுதி வைக்கவில்லை.