மூன்று ராணிகளோடு தோற்றேன்

முகவாதம் கண்ட நாள்முதல் என் கணவர் முகத்தின் வலப்பாதியைத் துண்டால் பொத்திக்கொண்டே வீட்டுக்குள் உலவினார். சில மாதங்களில் தேறிவிடும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அதுவரை ஒருவர் கண்ணிலும் படுவதில்லை என்பது இவர் முடிவு. பொம்மிடிச் சந்தைக்குப் போவது நின்றது. நாள்தோறும் ரம்மி ஆட வரும் பக்கத்து வீட்டு நண்பரிடம், இவர் உறங்குகிறார் என்று நான் சொல்லி அனுப்ப வேண்டியதாயிற்று. எனக்கோ வேறொரு துயரம். அவர் மனத்தை முகம் பார்த்தே அறிந்து பழகியவள் நான். இப்போது ஒன்றும் விளங்கவில்லை.

பெங்களூரிலிருந்து விடுமுறைக்கு வந்த மகள், ஒரு பிற்பகலில் சீட்டுக்கட்டையும் ஒரு படி புளியங்கொட்டையையும் எங்கள்முன் வைத்தாள்.

"போக்கர் சொல்லித் தரேன், உக்காருங்க."

ஆளுக்கு இரண்டு சீட்டு; நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து. அவற்றுள் சிறந்த ஐந்தைச் சேர்த்தவர் வெல்வார். பந்தயம் புளியங்கொட்டை.

ரம்மியில் ஊறியவர் தம் இரண்டு சீட்டையும் மாறிமாறிப் பார்த்தார். "எதைக் கீழ போடறது?"

"எதையும் போட வேணாம்பா. சீட்டு நல்லா இருந்தா கொட்டையக் கட்டுங்க, இல்லன்னா கவுத்து வெச்சு விலகிடுங்க. ஒண்ணுமே இல்லாமலும் கட்டி மத்தவங்கள விலக வெக்கலாம், மூஞ்சில மட்டும் தெரியக் கூடாது."

"எம் மூஞ்சிதான் பாதி செத்துக் கெடக்குதே."

நான் துணுக்குற்றேன். மகள் தயங்கவில்லை. "மீதிப் பாதியையும் அடக்குங்க. அதுதான் காட்டிக் குடுக்குது."

ஐந்தாம் ஆட்டத்தில் என்னிடம் மூன்று ராணிகள் சேர்ந்தன. மகள் விலகிவிட்டாள். நடுச்சீட்டுகளில் மூன்று ஆட்டீன், சிவப்பு இதயக் குறி போட்டவை. அவர் கையிலும் இரண்டு ஆட்டீன் இருந்தால் ஐந்தும் ஒரே இனமாகிவிடும்; என் ராணிகள் தோற்கும். அவர் இரு கைகளாலும் தம் கொட்டைகள் அனைத்தையும் முன்னே தள்ளினார். அசையாத அந்த முகத்தை நெடுநேரம் பார்த்தேன். உண்மையாகவே அஞ்சிச் சீட்டைக் கவிழ்த்தேன்.

அவர் விரித்துக் காட்டினார்: கிளாவர் ஏழு, ஸ்பேடு இரண்டு. ஒன்றுக்கும் உதவாதவை.

"ஏமாந்துட்டியா!" என்று சிரித்தார். வாயின் இடக்கோடி மட்டும் மேலேறிற்று. துண்டு மடியில் நழுவிக் கிடந்ததை நான் அப்போதுதான் கண்டேன்.

"மூணு பேரு பத்தல," என்றார், சீட்டைக் கலைத்தபடி. "பக்கத்து வூட்டுக்காரரையும் கூப்புடு. எத்தன நாளைக்கு ரம்மியே ஆடிக்கிட்டு இருப்பாரு?"

வேலியருகே நின்று அழைத்தேன். நண்பர் வியப்போடு எட்டிப் பார்த்தார்.

"எந்திரிச்சிட்டாருங்களா?"

"எந்திரிச்சிட்டாருங்க," என்றேன்.