மெத்தையை வெளியே போடவில்லை

கம்பெனியைத் திட்டாமல் எனக்குச் சோறு இறங்காது. கடலூருக்குத் தெற்கே, ரசாயனத் தொழிற்சாலைகளை ஒட்டிய ஊர் எங்களுடையது. காற்று மாறினால் வரும் நாற்றத்தைப் பற்றி நான் எழுதிய மனுக்களே ஒரு கட்டு இருக்கும். எட்டு வயது மகளுக்கு இளைப்பு வந்தபோது, சத்தியமாகச் சொல்கிறேன், வருத்தத்தோடு ஒரு வெறியும் வந்தது. மாட்டினான்டா கம்பெனிக்காரன்!

மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை. நான்தான் மகளைச் சிதம்பரத்தில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். எது ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்க்க, அவள் கையில் வரிசையாக மருந்துச் சொட்டு வைத்துக் குத்திப் பார்த்தார். தூசிப்பூச்சிக்கு வைத்த இடம் மட்டும் தடித்துச் சிவந்தது.

“வீட்ல இலவம்பஞ்சு மெத்தையா? அதுல கண்ணுக்குத் தெரியாத பூச்சி இருக்கும். அதோட கழிவு மூச்சுல போனா, எதிரி வந்துட்டான்னு ஒடம்பு நெனச்சிக்குது. இன்டர்லூகின்னு சில மூலக்கூறுங்க, செல்லுக்குச் செல்லு தகவல் கொண்டுபோவும். அதுங்க கூப்புட்டதும் ரத்தத்துலேருந்து வேற செல்லுங்க கூட்டமா வந்து மூச்சுக்குழாய வீங்க வச்சிடுது. சளியும் ஜாஸ்தியாவுது.”

“அப்போ கம்பெனி புகை?”

“வீங்கின எடத்துல புகை பட்டா சும்மா இருக்குமா? அதுவும் கெளறி விடும். ஆனா தெனமும் ஆரம்பிச்சி வைக்கறது மெத்தைதான். வாயில வச்சி இழுக்கற பம்ப் எழுதித் தரேன், தெனமும் அடிங்க, வீக்கத்த அடக்கும். மெத்தைய மொதல்ல தூக்கிப் போடுங்க.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த ஆள் யாரிடம் காசு வாங்கினான் என்றுகூட நினைத்தேன்.

அடுத்த மாதம் கம்பெனி விஷயமாகக் கருத்துக் கேட்புக் கூட்டம். மகளைப் பற்றித்தான் பேசப்போகிறேன் என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். மெத்தையை வெளியே போட்டால் ஏன் என்று கேட்பார்கள். கம்பெனிக்காரன் காதுக்கும் போகும். மெத்தையை மாற்றச் சொல்லி டாக்டர் எழுதிய ரிப்போர்ட்டை மனுக்கட்டுக்குள் செருகிவிட்டு, “எல்லாம் புகைதான்னு சொல்லிட்டாரு” என்றேன் மனைவியிடம். பம்ப் மட்டும் தவறாமல் அடித்தோம்.

கூட்டத்தில் மைக்கைப் பிடித்துக் கிழி கிழியென்று கிழித்தேன். கைதட்டல் என்றால் அப்படியொரு கைதட்டல். மதியம் வீட்டுக்கு வந்தால் மகள் அந்த மெத்தையில் உட்கார்ந்து, தோளைத் தூக்கித் தூக்கி இழுத்துக்கொண்டிருந்தாள். உதடு நீலம். பழைய மருந்துச் சீட்டைத் தேடிய மனைவி, என் மனுக்கட்டை அவிழ்த்திருந்தாள்.

ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்த பிறகுதான் மனைவி அந்த ரிப்போர்ட்டை என் மூஞ்சியில் விட்டெறிந்தாள்.

“கம்பெனிக்காரன் கெட்டவனாவே இருந்துட்டுப் போறான். நீ யாருய்யா? தெரிஞ்சே புள்ளைய அதுல படுக்க வச்சியே, நீயெல்லாம் ஒரு மனுஷனா?”

மகள் முகமூடியை விலக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“அப்பா... மீட்டிங்ல... நாம ஜெயிச்சிட்டமா?”