காலம் கடந்த புகார்

என் ஆய்வு நெறியாளர் அறைக் கதவைச் சாத்திவிட்டு என் தோளில் கை வைத்தது அன்று முதல் முறையல்ல. ஆனால் அன்றுதான் அந்தக் கையைத் தட்டிவிட்டு வெளியே வந்தேன். அதற்குப் பிறகு நான் கொடுத்த ஆய்வேட்டு அத்தியாயத்தை அவர் பிரித்தே பார்க்கவில்லை. ஆய்வகத்துக்குள்ளும் என்னை விடவில்லை.

சேலத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்தப் பல்கலைக்கழகத்தில், பாலியல் தொல்லைகளை விசாரிக்கும் புகார்க் குழுவின் தலைவியாக இருந்த பேராசிரியை என்னை உட்காரவைத்துப் பேசினார்.

"என்கிட்ட சொல்லிட்டு மட்டும் போகலாம், நான் எதையும் எழுதிக்க மாட்டேன். சமரசம் வேணும்னா அவரைக் கூப்பிட்டுப் பேசுவோம். எழுத்துல கொடுத்தா விசாரணை. ஆனா உன் புகாரோட நகல் அவர் கைக்குப் போகும்மா."

"பேர் போடாம எழுதுனா?"

"யாருன்னு தெரியாம எப்படி விசாரிக்கிறது?"

சொந்த ஊரான எருமப்பட்டிக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். கோழிகளுக்குத் தீவனம் வைத்துக்கொண்டிருந்தவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. "படிப்பு போனாப் போகுது சாமி, ஊட்டுக்கு வந்துரு" என்றார்.

"தப்புப் பண்ணுனது அந்தாளு. நான் எதுக்குங்கப்பா வரோணும்?"

அவர் அடுத்த கூண்டுக்குத் தீவனம் வைக்கப் போய்விட்டார். மறுநாள் பேருந்து ஏற்றிவிட வந்தார். நான் போய்ப் புகாரை எழுதிக் கொடுத்தேன்.

எனக்கு முன்பு அதே நெறியாளரிடம் சேர்ந்து, பாதியில் நின்றுவிட்ட அக்கா ஒருவர் இருந்தார். சேலம் கடைவீதியில் அவர் 'அத்தா' என்று அழைக்கும் அப்பாவுக்குத் துணிக்கடை. சாட்சி சொல்ல வரமுடியுமா என்று கேட்கப் போனேன். நான் முழுதாகச் சொல்லி முடிக்கும் முன்பே அவர் கண் கலங்கிவிட்டது.

"நானும் அதனாலதான் நின்னேன். உடம்பு முடியலைன்னு அத்தாகிட்ட பொய் சொன்னேன். இப்படி ஒரு குழு இருக்குன்னே எனக்குத் தெரியாதுடி."

அன்றே அத்தாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டார். விசாரணைக்கு அவரையும் கூட்டிக்கொண்டு வந்தார். அத்தா வெளியே மரத்தடியில் நின்றிருந்தார். உள்ளே அக்கா எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "என் புகாரையும் எடுத்துக்குவீங்களா மேடம்? என் ஆய்வுப் பதிவைத் திரும்பக் குடுத்தாங்கன்னா படிச்சு முடிச்சிருவேன்" என்று கேட்டார்.

பேராசிரியை தலை குனிந்துகொண்டார். "புகார் கொடுக்கிற காலக்கெடு எப்பவோ முடிஞ்சிருச்சும்மா. உன்னைச் சாட்சியாத்தான் எடுத்துக்க முடியும்."

அந்த மாதங்களில் ஆய்வகத் தோழர்கள் யாரும் என்னோடு டீ குடிக்க வரவில்லை. அவரவர் பட்டமும் அந்த நெறியாளரின் கையெழுத்தில்தானே இருந்தது.

கடைசியில் என் புகார் நிரூபணமானது. அவருக்குச் சம்பள உயர்வை நிறுத்தினார்கள். கொஞ்ச காலத்துக்குப் புது மாணவர்களைச் சேர்க்கக் கூடாது என்றார்கள். அவருடைய அறை அதேதான், வராந்தாவும் அதேதான். தினமும் எதிரே வருவார். நான் சுவரைப் பார்த்து நடப்பேன். எனக்கு வேறு நெறியாளரைக் கொடுத்தார்கள். பழைய தரவெல்லாம் அவருடைய திட்டத்தைச் சேர்ந்தது என்பதால் தொடக் கூடாதாம். புதுத் தலைப்பில் முதலிலிருந்து தொடங்கினேன்.

தீர்ப்பைச் சொல்ல அக்காவைப் போனில் அழைத்தேன்.

"என்னைப் பத்தி என்ன எழுதியிருக்காங்க?"

"சாட்சின்னு போட்டிருக்காங்கக்கா."

"அவ்வளவுதானா?"

அந்த ஒரு வரியைப் படித்துக் காட்டினேன். அக்கா, "சரி, நீயாவது முடிச்சிரு" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.